அணுவின் கட்டும் வீடும்

விஞ்ஞானத்தைத் தமிழில் எழுத இயலுமா என்று கேட்ட காலம் ஒன்று இருந்தது. அதற்கு விடை எப்போதோ கிடைத்துவிட்டது. மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்த டாக்டர் கிறீன் அவர்களின் முயற்சியால் 1875-ஆம் ஆண்டிலேயே 'கெமிஸ்தம்' என்னும் இரசாயன நூல் அச்சேறியது. இராஜாஜி 'திண்ணை ரசாயனம்' எழுதினார். 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியம் வெளிவந்தது. ஆகவே எழுத இயலுமா என்பது இனி வினா அன்று. எழுதியது பொருள் பிழையாமல் நிற்கிறதா என்பதே வினா.

இவ்வினாவை எழுப்புவோர் மிகச் சிலர். தமிழில் விஞ்ஞான எழுத்தைப் பற்றிய வாதங்கள் பெரும்பாலும் கலைச்சொல்லின் உடையைப் பற்றியவையாகவே முடிந்துவிடுகின்றன. எலக்ட்ரானா, இலத்திரனா, மின்னணுவா என்று தலைமுறை தலைமுறையாக வழக்காடுகிறோர், அச்சொல் அமர்ந்திருக்கும் வாக்கியம் உண்மைதானா என்று கேட்க அரை நாழிகைகூட ஒதுக்குவதில்லை. இக்குறையை விளக்கச் சிறு பாடப்பகுதி ஒன்று போதும். ஒரே எலக்ட்ரானை உடைய அணுவிலிருந்து அந்த எலக்ட்ரானைப் பிரித்தெடுக்க எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்னும் கணக்கே அது. அணுவியலில் இவ்வளவு துல்லியமாக விடை காணத்தக்க கணக்குகள் சிலவே. ஆதலால் சொல்லில் நேரும் சறுக்கலும் இங்கே ஒளிய இடமின்றி வெளிப்பட்டுவிடுகிறது.

சொல்லின் உடை

பேராக் மாநிலத்து லூமுட்டில், பங்கோர் தீவுக்குப் படகேறும் துறைக்கு அண்மையில் வாழும் ஒரு தமிழ் மாணவரை எண்ணிப் பார்க்கலாம். 2003-இல் தொடங்கி 2012 முதல் கைவிடப்பட்ட ஆங்கிலவழித் திட்டத்தையும், 2016 முதல் சில பள்ளிகளில் வந்த இருமொழித் திட்டத்தையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டுவரை அவர் அறிவியலைத் தமிழில் பயில்கிறார். இடைநிலைப் பள்ளியில் பாடமொழி மலாயாகிறது. அணுவின் உள்ளமைப்பு பாடமாக வருவது அதற்குப் பின்னரே. ஆறாம் படிவத்தை எட்டி ஹைட்ரஜனின் ஒளிக்கோடுகளைக் கணக்கிடும்போது, தேடும் பொருளுக்கு 'தெனாகா பெங்இயோனான்' என்பதே பெயர். அவருடைய தமிழ் அணுவின் வாயிலில் நின்றுவிடுகிறது.

அம்மாணவர் தமிழிலும் அறிய விரும்பி நூல் தேடினால், தமிழ்நாட்டு நூல் 'அயனியாக்கும் ஆற்றல்' என்கும். இலங்கை நூல் 'அயனாக்கற் சக்தி' என்கும். முன்னதில் எலக்ட்ரானும் ஹைட்ரஜனும், பின்னதில் இலத்திரனும் ஐதரசனும் வரும். ட் என்னும் மெய்யோடு ர மயங்குதல் தொல்காப்பிய நெறியில் இல்லை. ஆதலால் இலங்கையார் தமிழொலிக்கு இசைய மாற்றிக்கொண்டனர். உலக வழக்கின் ஒலி சிதையலாகாது என்று தமிழ்நாட்டார் அதனை அப்படியே வைத்துக்கொண்டனர். இரு திறத்தார் பக்கமும் நியாயம் உண்டு. மலாய்மொழிக்கும் இந்நிலை புதிதன்று. மலேசியாவில் 'தெனாகா பெங்இயோனான்' எனப்படுவது இந்தோனேசியாவில் 'எனர்கி இயோனிசாசி' எனப்படுகிறது. அதனால் எவருடைய விஞ்ஞானமும் குறைந்துவிடவில்லை.

கேடு விளைவது வேறிடத்தில். எலக்ட்ரானை 'மின்னணு' என்று வழங்குவாரும் உளர். அச்சொல்லின் வழியே 'மின்னணுவியல்' என்பதும் நிலைபெற்றுவிட்டது. கருவிகளைப் பற்றிப் பேசும்வரை அதனால் இடர் இல்லை. ஆனால் ஒரே எலக்ட்ரானை உடைய அணுவைக் குறிக்க நேரும்போது 'ஒரு மின்னணு அணு' என்று எழுதவேண்டி வருகிறது. அணுவின் உறுப்பாகிய ஒன்றே அணு என்னும் பெயரைத் தாங்கி அணுவுக்குள் அமர்கிறது. அழகான தமிழ்ச்சொல்தான், ஆயினும் முழுமைக்கும் உறுப்புக்கும் உள்ள வேறுபாட்டை அது மறைத்துவிடுகிறது. அயற்சொல் என்று ஒதுக்கப்படும் எலக்ட்ரான் அத்தவற்றைச் செய்வதில்லை. சொல்லை அதன் பிறப்புக் கொண்டு மதிப்பிடாமல், அது செய்யும் வேலையைக் கொண்டு மதிப்பிடவேண்டும் என்பதற்கு இதுவே சான்று.

'அயனியாக்கும் ஆற்றல்' என்னும் தொடருக்கும் ஒரு குறை உண்டு. ஒரே எலக்ட்ரானை உடையவற்றுள் நடுநிலை அணு ஹைட்ரஜன் ஒன்றே. ஏனையவை எலக்ட்ரான்களை முன்னரே இழந்து மின்னூட்டம் பெற்ற அயனிகள்: ஒன்றை இழந்த ஹீலியம், இரண்டை இழந்த லித்தியம், மூன்றை இழந்த பெரிலியம். இவற்றைப் பற்றிப் பேசும்போது 'அயனியை அயனியாக்கும் ஆற்றல்' என்று சொல்லவேண்டியதாகிறது. இந்தத் தொடர் விளைவைச் சொல்கிறதே ஒழிய நிகழ்வைச் சொல்லவில்லை. நிகழ்வோ ஒரு கட்டு அவிழ்தல்.

கழித்தற்குறி சொல்வது

கட்டு, வீடு என்னும் இரண்டு சொற்களும் தமிழ் மாணவருக்குச் சமய நூல் வழியாகவும் வழக்கு மொழி வழியாகவும் தெரிந்தவை. அணுக்கருவின் ஈர்ப்பில் எலக்ட்ரான் கட்டுண்டு கிடக்கிறது. அக்கட்டிலிருந்து அது வீடுபெறத் தேவையான ஆற்றலே தேடப்படுவது. பாடநூல்கள் இதனை எண்ணால் குறிக்கும்போது, ஹைட்ரஜன் எலக்ட்ரானின் அடிநிலை ஆற்றல் கழித்தல் 13.6 எலக்ட்ரான் வோல்ட் என்று எழுதுகின்றன. பயிற்சி ஏடுகளிலோ பெரும்பாலும் இந்தக் கழித்தற்குறி விளக்கமின்றி வந்து விளக்கமின்றியே போய்விடுகிறது. விடை எழுதும்போது அதனை நீக்கிவிடவேண்டும் என்பது மட்டும் மாணவருக்குத் தெரிகிறது.

தோட்டத் தமிழரின் வரலாற்றில் இக்குறிக்கு ஓர் உரை இருக்கிறது. இலங்கைத் தோட்டங்களில் 1921-இல் ஒழிக்கப்படும்வரை 'துண்டு' என்றொரு முறை இருந்தது. தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு வேறொன்றுக்குச் செல்லவேண்டுமானால், அவர் தலையில் உள்ள கடன் இவ்வளவு என்று சீட்டு எழுதப்படும். அத்தொகை செலுத்தப்பட்டாலன்றி அவருக்கு விடுதலை இல்லை. எலக்ட்ரானின் கழித்தற்குறியும் இத்தகைய கடனே. கையில் ஒன்றும் இல்லாமல், எவருக்கும் கடன்படாமல், அணுக்கருவின் பிடிக்கு அப்பால் நிற்பது சுழி நிலை. அதற்குக் கீழே 13.6 அளவு கடனில் இருப்பது அடிநிலை. துண்டில் எழுதிய தொகைதான் அயனியாக்கும் ஆற்றல். கடனுக்கு மேல் செலுத்தினால் மிச்சம் வீணாவதில்லை; விடுபட்ட எலக்ட்ரான் அதனை வேகமாகக் கொண்டு ஓடுகிறது.

உவமை ஓரிடத்தில் முறிகிறது; முறியும் இடமும் பயன் தருவதே. மனிதர் கடனைச் சிறிது சிறிதாக எத்தொகையாகவும் அடைக்கலாம். எலக்ட்ரான் ஒளியிடமிருந்து எல்லாத் தவணையையும் ஏற்பதில்லை. 10.2 எலக்ட்ரான் வோல்ட் ஒளியை ஏற்று இரண்டாம் படிக்கு உயரும், 12.1 அளவினை ஏற்று மூன்றாம் படிக்கு உயரும். இடைப்பட்ட 11 அளவுள்ள ஒளி வந்தால் தீண்டாது விட்டுவிடும். இந்தப் பிடிவாதமே ஹைட்ரஜனின் ஒளியைத் தனித்தனிக் கோடுகளாக்குகிறது.

இலக்கண வரையறையிலும் கவனம் வேண்டும். தனித்த, வாயு நிலையிலுள்ள, அடிநிலை அணுவிலிருந்து என்று வரையறை அடுக்கிச் செல்லும். இவ்வடைமொழிகளை அலங்காரம் என்று எண்ணிச் சுருக்கி எழுதுவோர் உளர். 'தனித்த' என்பதை நீக்கிவிட்டால் விடையே மாறிவிடும். ஹைட்ரஜன் வாயுவில் அணுக்கள் இணை இணையாகவே இருக்கின்றன. அந்த மூலக்கூறிலிருந்து ஓர் எலக்ட்ரானை நீக்க 15.4 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். தனித்த அணுவுக்கோ 13.6 போதும். நன்னூல் கற்பிக்கும் ஆசிரியர் அடைமொழியைப் பிறிதின் இயைபு நீக்கியது, நீக்காதது என்று பகுத்துக் காட்டுவார். இங்கே வருவது நீக்கிய அடைமொழி.

பள்ளி ஆசிரியர் கண்ட வாய்பாடு

இக்கணக்கின் முதற்படியை அமைத்தவர் ஒரு பள்ளி ஆசிரியர் என்பது ஆசிரியர் உலகம் மகிழத்தக்க செய்தி. சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில் பெண்கள் பள்ளியில் கணிதம் கற்பித்த பால்மர், தம் அறுபதாம் வயதில், 1885-இல், ஹைட்ரஜனின் கண்ணுக்குத் தெரியும் நான்கு கோடுகளின் அலைநீளங்களையும் ஒரே வாய்பாட்டில் அடக்கிக் காட்டினார். ஸ்வீடன் நாட்டு ரிட்பெர்க் அதனை விரிவுபடுத்தினார். அமெரிக்கராகிய லைமன் புறஊதாப் பகுதியில் மற்றொரு வரிசையைக் கண்டார். எலக்ட்ரான் அடிநிலைக்கு வந்து விழும்போது பிறக்கும் கோடுகள் அவை.

லைமன் வரிசையின் முதற்கோடு 121.6 நானோ மீட்டரில் இருக்கிறது. அடுத்தடுத்த கோடுகள் நெருங்கி நெருங்கிச் சென்று 91.2 நானோ மீட்டரில் ஓர் எல்லையில் முடிகின்றன. 1240 என்னும் எண்ணை நானோ மீட்டர் அளவால் வகுத்தால் அவ்வொளியின் ஆற்றல் எலக்ட்ரான் வோல்ட்டில் கிடைக்கும். முதற்கோட்டுக்கு 10.2, எல்லைக்கு 13.6. எல்லை என்பது கட்டு முடியும் இடம். ஆகவே அணுவைத் தொடாமலே, அதன் ஒளியை மட்டும் அளந்து, அதன் கட்டின் வலிமையைச் சொல்லிவிடலாம். வாய்பாட்டை ஒப்புவிக்கும் மாணவருக்கு இந்த வியப்பு கிட்டுவதில்லை. படிநிலை எண்ணை முடிவிலி என்று வைத்துக் கணக்கிடு என்று கட்டளை மட்டும் கிடைக்கிறது. கோடுகள் நெருங்கும் காட்சி கிடைப்பதில்லை.

அணுக்கருவின் மின்னூட்டம் கூடினால் கட்டு இறுகும். அதற்குரிய விதி, அணு எண்ணின் வர்க்கத்தால் 13.6-ஐப் பெருக்குக என்பது. ஹீலியம் அயனிக்கு நான்கு மடங்கு, அதாவது 54.4. இரண்டு எலக்ட்ரான்களை இழந்த லித்தியத்துக்கு ஒன்பது மடங்கு, 122.4. பாடநூல்கள் இங்கே நிறைவடைகின்றன. ஆனால் இக்கணக்கின் உயிரான வரலாறு இங்கேதான் தொடங்குகிறது.

நான்கா, நான்கிற்குச் சற்று மேலா?

மார்ச்சு மாத இறுதியில் இரவு ஒன்பது மணியளவில் லூமுட்டிலிருந்து தென்வானை நோக்கினால், அடிவானுக்கும் உச்சிக்கும் நடுவில், பப்பிஸ் மண்டலத்தைச் சேர்ந்த ஸீட்டா என்னும் விண்மீனைக் காணலாம். 1896-இல் ஹார்வர்டு வானாய்வகத்தின் பிக்கரிங் அதன் ஒளியில் ஒரு புதிய கோட்டு வரிசையைக் கண்டார். ஒன்றுவிட்டு ஒன்றாக அவை பால்மர் கோடுகளோடு ஏறத்தாழ ஒன்றின. ஏனையவை அவற்றின் இடைவெளிகளில் நின்றன. பால்மர் வாய்பாட்டில் முழு எண்களோடு அரை எண்களையும் இட்டால் யாவும் பொருந்தின. எனவே அவையும் ஹைட்ரஜனின் கோடுகளே என்று அறிஞர் கருதினர். 1912-இல் லண்டனில் ஃபௌலர், ஹைட்ரஜனும் ஹீலியமும் கலந்த குழாயில் அக்கோடுகளை உண்டாக்கிக் காட்டினார். அவரும் அவற்றை ஹைட்ரஜனுடையவை என்றே கொண்டார்.

1913-இல் டென்மார்க்கு அறிஞர் நீல்ஸ் போர் தம் அணுக்கொள்கையை வெளியிட்டபோது இதனை மறுத்தார். அரை எண்கள் வேண்டியதில்லை. இக்கோடுகளைத் தருவது ஓர் எலக்ட்ரானை இழந்த ஹீலியம். மின்னூட்டம் இரண்டு, அதன் வர்க்கம் நான்கு. அந்த நான்கைப் பால்மர் வாய்பாட்டில் இட்டுச் சுருக்கினால் அரை எண்கள் தாமே தோன்றிவிடுகின்றன. மான்செஸ்டரில் இவான்ஸ் ஹைட்ரஜன் கலவாத ஹீலியத்திலும் அவ்வரிசையின் கோட்டினைக் கண்டு போருக்குத் துணை நின்றார்.

ஃபௌலர் உடனே பணிந்துவிடவில்லை. கொள்கைப்படி ஹீலியத்தின் மாறிலி ஹைட்ரஜனுடையதைப் போல் நான்கு மடங்கு இருக்கவேண்டும், அளவீடோ 4.0016 மடங்கு என்கிறது. இவ்வேறுபாடு அளவைப் பிழைக்கு அப்பாற்பட்டது என்று தடை எழுப்பினார். ஆயிரத்தில் அரைப் பங்குக்கும் குறைந்த வேறுபாடு அது. பெருமனத்தோடு விட்டுவிடலாம் என்று சொல்வாரும் இருந்திருப்பர். அவர் விடவில்லை.

போரின் விடை எளிமையானது. அணுக்கரு அசையாது நிற்பதாகத் தாம் முதலிற் கொண்டது தோராயமே என்றார். சிறுவனைக் கைபற்றிச் சுழற்றும் பெரியவரும் சற்றே பின்சாய்ந்து தாமும் ஒரு சிறு வட்டம் இடுவார். அதுபோல அணுக்கருவும் சிறிதே அசைகிறது. ஹைட்ரஜன் கரு எலக்ட்ரானைப் போல் 1836 மடங்கு கனமானது; ஹீலியத்தின் கரு ஏறத்தாழ 7294 மடங்கு. கனமான கரு குறைவாக அசையும். இந்த அசைவைக் கணக்கில் சேர்த்தால் விகிதம் 4.00163 என்று வருகிறது. தடை சொன்னவர் தந்த எண்ணே கொள்கைக்கு வலிமையான சான்றாயிற்று. ஃபௌலர் ஏற்றுக்கொண்டார். பின்னர் 1931-இன் இறுதியில் யூரே கன ஹைட்ரஜனை இனங்கண்டதும் கருவின் கனத்தால் ஒளிக்கோடுகள் சிறிதே விலகும் இவ்விதியைக் கொண்டுதான்.

அந்த விண்மீன் கோபன்ஹேகனிலும் லண்டனிலும் அடிவானுக்கு மேல் எழுவதே இல்லை. வாதிட்ட இருவரும் தம் ஊரில் காண முடியாத விண்மீன் அது. லூமுட் மாணவர் வீட்டு வாசலில் நின்று அதனைக் காணலாம். அதனைக் காட்டி இப்பாடத்தைத் தொடங்கும் நூல் தமிழில் ஒன்று இருந்தால், வாய்பாட்டுக்கு முன்பே வியப்பு பிறக்கும்.

போரின் படம் பின்னர் மாறிற்று என்பதையும் நூல்கள் தெளிவாகச் சொல்லவேண்டும். கிரகம்போல் வட்டமிடும் எலக்ட்ரான் 1926-இல் ஷ்ரோடிங்கரின் சமன்பாட்டோடு விடைபெற்றது. எண் மட்டும் மாறவில்லை, 13.6 அப்படியே நின்றது. சரியான விடை தருவதனாலேயே ஒரு படம் உண்மையாகிவிடாது என்னும் அரிய பாடம் இதில் இருக்கிறது.

இரண்டாவது எலக்ட்ரான்

'ஓர் எலக்ட்ரானை உடைய' என்னும் அடைமொழியே இக்கணக்கின் உயிர்நிலை. அதனை மறந்து நடுநிலை ஹீலியத்துக்கும் வர்க்க விதியைப் பொருத்தினால் 54.4 என்று வரும். உண்மை மதிப்போ 24.6. இரண்டு எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளுவதால் கட்டு தளர்ந்துவிடுகிறது. ஹீலியத்தின் இரண்டாவது எலக்ட்ரானை நீக்கும் ஆற்றலை மாணவரே தாளில் கணக்கிடலாம். முதல் எலக்ட்ரானை நீக்கும் ஆற்றலை நம்பத்தக்க அளவில் கணக்கிட ஹில்லராஸ் 1929-வரை உழைக்கவேண்டியிருந்தது. பின்னது எளிது, முன்னது கடினம் என்னும் இம்முரணைப் பயிற்சி ஏடுகள் எடுத்துக் காட்டுவதே இல்லை.

இங்கே தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஒருவரின் பெயர் வருகிறது. ஹைட்ரஜன் அணு மற்றுமோர் எலக்ட்ரானைச் சேர்த்துக்கொண்டு எதிர் அயனியாகவும் இருக்க வல்லது. சூரியனின் மேற்பரப்பு ஒளியைத் தடுத்து விழுங்குவதற்கு இந்த அயனியே காரணம் என்று 1939-இல் வில்ட் கூறினார். அதன் கட்டு மிக மெல்லியது. முக்கால் எலக்ட்ரான் வோல்ட்டே. எளிய கணக்கு முறைப்படி பார்த்தால் அப்படி ஓர் அயனி நிலைக்கவே முடியாது என்ற தவறான விடை கிடைக்கும். சென்னை மாநிலக் கல்லூரியின் முன்னாள் மாணவராகிய சுப்பிரமணியன் சந்திரசேகர் 1944-இல், இரண்டு எலக்ட்ரான்களும் ஒரே தன்மையில் நிற்பதாகக் கொள்ளாமல், ஒன்று கருவுக்கு அருகிலும் மற்றது சேய்மையிலும் நிற்பதாக வைத்துக் கணக்கிட்டார். அந்த ஒரு மாற்றத்தாலேயே கட்டு உண்டு என்பது கணக்கில் வெளிப்பட்டது. ஓர் எலக்ட்ரானுக்குப் பொருந்தியதை இரண்டுக்கும் நீட்டுவது எவ்வளவு பெரிய பிழையில் முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

திறனாய்வின் கடமை

சொல் ஆராய்ச்சி வேண்டாம் என்பது இவற்றின் முடிவன்று. மின்னணு என்னும் சொல்லின் குறையைக் காட்டியது சொல் ஆராய்ச்சியே. ஆயினும் அவ்வாராய்ச்சி வாக்கியத்தின் உண்மையைத் தேடிச் செல்லவேண்டும். சொல்லின் குலத்தை விசாரித்து நின்றுவிடலாகாது. கழித்தற்குறி ஏன் வந்தது? 'தனித்த' என்பதை நீக்கினால் என்ன ஆகும்? 'ஓர் எலக்ட்ரான்' என்பதை மறந்தால் என்ன ஆகும்? இம்மூன்று வினாக்களுக்கும் விடை தரும் பத்தி எந்தக் கலைச்சொல்லைக் கையாண்டாலும் நல்ல தமிழ்ப் பத்தியே. விடை தராத பத்தி எத்துணைத் தூய சொற்களால் ஆனதாயினும் நல்ல பத்தி ஆகாது.

இதனைச் செய்யவேண்டியவர் இரசாயன ஆசிரியர் மட்டும் அல்லர். அடைமொழியின் அருமை அறிந்தவர், ஒரு சொல் குறைந்தால் பொருள் திரியும் என்று நாள்தோறும் கற்பிப்பவர் தமிழாசிரியர். ஆறாம் ஆண்டோடு தமிழ்வழி அறிவியல் நின்றுவிடும் நாட்டில், அதற்கு மேலும் தமிழில் அறியவேண்டும் என்று வரும் மாணவருக்குக் கையில் தரத்தக்க பத்து நல்ல பக்கங்கள் இருக்கின்றனவா என்று சோதிக்கும் தகுதியும் பொறுப்பும் அவருக்கு உண்டு. நான்கு என்றபோது நான்கு அன்று என்று சொல்லி, விடை வந்தபோது மனமுவந்து ஏற்ற ஃபௌலரைப் போன்ற படிப்பாளர் தமிழ் விஞ்ஞான எழுத்துக்குக் கிடைக்கும் நாளில், எலக்ட்ரானா இலத்திரனா என்னும் வழக்கு தானே தணிந்துவிடும்.